பனியில் கருகிய சாகோ பனை: வெட்டுவதா, விட்டுவைப்பதா? அடுத்த குளிருக்குப் போர்த்துவதா, பெயர்ப்பதா?

ஒரே ராத்திரிதான். முந்தின நாள் வரை கரும்பச்சையாகப் பளபளத்த மட்டைகள் அடுத்த சில நாட்களில் மஞ்சளாகி, அப்புறம் காய்ந்த வைக்கோல் நிறத்துக்குப் போய்விடுகின்றன. சாகோ பனையை வெளியில் நட்டிருப்பவர்கள் அதன் பிறகு கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விகள். கருகியதை இப்போதே வெட்டிவிடலாமா? அடுத்த குளிர்காலத்தைச் செடி வெளியிலேயே தாண்ட வேண்டுமானால் எந்த வழி நல்லது? இரண்டுக்கும் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பதில்கள் எல்லாமே ஏதோ ஒரு தோட்டத்தில் பலித்தவைதான். உங்கள் தோட்டத்துக்கு எது பொருந்தும் என்று பார்ப்போம்.

பெயரில்தான் பனை. சைகஸ் ரெவொலூட்டா என்ற இந்தச் செடி பூப்பதே இல்லை. பூவில்லாமல் விதை தரும் இனம், பனையைவிடப் பைன் மரத்துக்குத்தான் நெருங்கிய உறவு. ஆனால் ஒரு விஷயத்தில் பனையேதான்: தண்டின் உச்சியில் இருக்கும் குருத்துதான் அதன் உயிர்நிலை. மட்டைகள் ஒவ்வொன்றாக வருவதில்லை. பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே கொத்தாகக் கிளம்பும். ஆகவே மட்டை முழுவதும் கருகினால் ஒரு வருட அழகு போயிற்று, அவ்வளவுதான். குருத்து அழுகினால் முதலுக்கே மோசம். கீழே வரும் ஒவ்வொரு வழியிலும் நான் முதலில் பார்ப்பது, அது மட்டையைக் காப்பாற்றுகிறதா, குருத்தைக் காப்பாற்றுகிறதா என்பதைத்தான்.

## முதலில் உயிர் இருக்கிறதா பாருங்கள்

குளிர் விட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து, கையுறை போட்டுக்கொண்டு (ஓலை நுனிகள் ஊசி மாதிரி குத்தும்) தண்டை மேலிருந்து கீழ்வரை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, மேலே ஒரு பச்சைகூட இல்லாவிட்டாலும். அழுத்தினால் அமுங்கி, புளித்த வாடை வந்தால் அந்த இடம் அழுகிவிட்டது. உச்சியில் பழுப்பாகப் பஞ்சுபோல் இருக்கும் செதில்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவை குருத்தின் இயல்பான உறை. பனி விழுந்த மறுநாளே அழுத்திப் பார்ப்பதில் பயனில்லை. உறைந்து செத்த பகுதி குழைவதற்குச் சில நாட்கள் ஆகும்.

## எதை வைத்து எடைபோடுவது

எவ்வளவு குளிர், எத்தனை மணி நேரம். ஏறக்குறைய மைனஸ் 5 டிகிரி செல்சியஸ் வாக்கில் மட்டைகள் அடிபடத் தொடங்கும். மைனஸ் 8 வாக்கில் பெரும்பாலும் முழுக் கொத்தும் கருகும். மைனஸ் 10-க்குக் கீழே போனால் தண்டுக்கும் குருத்துக்கும் ஆபத்து. ஆனால் எண் மட்டும் போதாது. விடியற்காலையில் ஒரு மணி நேரம் மைனஸ் 7 என்பது வேறு, இரண்டு நாள் பகலிலும் பனி உருகாமல் கிடப்பது வேறு. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் அடித்த குளிர் இரண்டாவது வகை. அங்கே தோட்டம் தோட்டமாகச் சாகோ பனைகள் வைக்கோல் நிறத்தில் நின்றன. அவற்றில் பல, வெயில் காலத்தில் உச்சியிலிருந்தோ அடியிலிருந்தோ துளிர்த்தன. சில துளிர்க்கவே இல்லை.

ஈரம். என் கணக்கில் இது குளிருக்குச் சமமான எதிரி. குருத்தின் நடுவே கிண்ணம் போன்ற பள்ளம் இருக்கிறது. அதில் மழைநீர் தேங்கி உறைந்தால் வெறும் குளிர் செய்யாத சேதத்தையும் செய்துவிடும். வேரடி மண் சொதசொதவென்று இருந்தாலும் அப்படித்தான்.

செடியின் வயதும் எடையும். தண்டு ஆண்டுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு மீட்டர் தண்டுள்ள செடி பல பத்தாண்டுச் சேமிப்பு. தடித்த தண்டு குளிரை மெதுவாகத்தான் உள்ளே விடும். பந்து அளவுக் கன்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

உங்கள் நேரம். போர்த்துவதற்கு ஆள் கிடைத்துவிடும். வெயில் ஏறியதும் போர்வையை எடுக்க வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

## முதல் முடிவு: கருகிய மட்டைகளை என்ன செய்வது?

### உடனே வெட்டுவது

பார்க்கச் சுத்தமாக இருக்கும். குருத்து கண்ணுக்குத் தெரியும், காற்றும் வெயிலும் பட்டு உலரும். அடுத்த பனிக்குப் போர்த்துவதும் எளிது. ஆனால் காய்ந்த மட்டைகளும் ஒரு கூரைதான். அவற்றை நடுக்குளிரில் கழித்துவிட்டால் அடுத்த பனி நேரே குருத்தின் மேல் உட்காரும். இன்னொரு நஷ்டமும் உண்டு: பாதி கருகிய மட்டையின் மீதிப் பச்சை இன்னும் செடிக்கு உணவு தயாரித்துக்கொண்டிருக்கிறது. அதை வெட்டினால் புதுக்கொத்துக்காகச் செடி சேர்த்து வைப்பது குறையும்.

பனிக்காலம் முடிந்துவிட்டது, எல்லா மட்டையும் அடிவரை காய்ந்துவிட்டது என்றால் தாராளமாக வெட்டலாம். குருத்தில் அழுகல் வாடை அடித்தால் காலம் பார்க்காமல் வெட்டத்தான் வேண்டும்.

### பனிக்காலம் முடியும்வரை விடுவது

செலவில்லாத வழி, கண்ணுக்கு மட்டும் கஷ்டம். அக்கம்பக்கத்தார் "செத்துப்போச்சா?" என்று கேட்பார்கள், பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். தொடர்ந்து மழை பெய்கிற இடமானால் செத்த மட்டைகள் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

பலரும் கவனிக்காத சிக்கல் இன்னொன்று. அதிகம் தாமதித்தால், புதுக்கொத்து பழைய மட்டைகளுக்கு நடுவே கிளம்பிவிடும். சுருண்டு வரும் அந்த இளம் ஓலைகள் அவ்வளவு மென்மையானவை. கத்தரியோ கையோ பட்டால் அந்தத் தழும்பு அடுத்த ஒரு வருடமும் தெரியும். கடைசிப் பனிக்கு அப்புறம், குருத்து வீங்கி மேலெழும்புவதற்கு முன்பு, அந்த இடைவெளியில் கழித்துவிடுங்கள்.

### பார்த்துப் பார்த்துக் கழிப்பது

நான் செய்வது இதுதான். பனி விலகும்வரை எதையும் தொடுவதில்லை. அப்புறம் முழுக்கக் காய்ந்தவற்றை மட்டும் தண்டிலிருந்து சில சென்டிமீட்டர் விட்டு வெட்டுவேன். பாதிக்குமேல் பச்சை இருந்தால் அந்த மட்டை புதுக்கொத்து விரிந்து கெட்டிப்படும்வரை இருக்கட்டும். பிடித்து இழுத்துப் பிய்ப்பது கூடவே கூடாது; தண்டில் புண்ணாகி அதுவே அழுகலுக்கு வாசலாகும்.

வெட்டியதைக் கண்ட இடத்தில் போடாதீர்கள். இந்தச் செடியின் எல்லாப் பகுதியிலும் சைகாசின் என்ற நஞ்சு இருக்கிறது, விதையில் மிக அதிகம். நாய் கடித்துத் தின்றால் கல்லீரல் கெட்டு உயிரே போகலாம். ஆடு மாடுகளுக்கும் ஆகாது.

## இரண்டாவது முடிவு: அடுத்த குளிர்காலத்துக்கு எந்த வழி?

| வழி | எந்தக் குளிருக்கு | உழைப்பு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| மூடாக்கு மட்டும் | மைனஸ் 5 வரை, எப்போதாவது | ஒரு நாள் வேலை | தண்டைத் தொட்டால் அழுகல் |
| கட்டிப் போர்த்துதல் | மைனஸ் 5 முதல் 9 வரை | பனி வரும்போதெல்லாம் | எடுக்க மறந்தால் புழுக்கம், பூஞ்சை |
| கூண்டும் சூடும் | மைனஸ் 10-ம் அதற்குக் கீழும் | கட்டுவதற்கு அதிகம் | மின்சாரம், தீ ஆபத்து |
| தொட்டியில் உள்ளே | எவ்வளவு குளிரானாலும் | ஆண்டுக்கு இரு முறை தூக்குதல் | இடம், எடை, வெளிச்சக் குறைவு |

எண்கள் எல்லாம் தோராயம். காற்று, ஈரம், செடியின் வயது ஆகியவற்றைப் பொறுத்து ஓரிரு டிகிரி முன்னே பின்னே போகும்.

### மூடாக்கு மட்டும்

வேர்ப்பரப்பின் மேல் காய்ந்த இலையோ மரச்சில்லோ பத்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புவது. மண்ணின் சூடு கலையாது, வேர் உறையாது, அடியிலிருக்கும் பக்கக் கன்றுகளும் பிழைக்கும். மேலே உச்சி போனாலும் அடியில் கன்று இருந்தால் செடி தொடரும் என்பதால் இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஆனால் மட்டைக்கும் குருத்துக்கும் இதனால் ஒரு பயனும் இல்லை. தண்டை ஒட்டிக் குவித்தால் ஈரம் தேங்கி அழுகும். ஒரு கையகலம் விட்டுப் பரப்புங்கள். உறைபனி எப்போதாவது எட்டிப்பார்க்கும் ஊர்களில், சுவரோரம் வெயில் விழும் இடத்தில் நட்ட முதிர்ந்த செடிக்கு இதுவே போதும்.

### கட்டிப் போர்த்துதல்

இது இந்தச் செடியின் சொந்த ஊர்க்காரர்களே செய்கிற வேலை. சாகோ பனை ஜப்பானின் தென்கோடித் தீவுகளைச் சேர்ந்தது. அங்கே அதற்குப் பனித் தொந்தரவு குறைவு. வடக்கே கியோட்டோவில் கதை வேறு. அங்குள்ள நிஜோ கோட்டைத் தோட்டத்தில் குளிர்காலம் தொடங்கும்போது சாகோ பனைகளுக்கு வைக்கோல் பாய் சுற்றிக் கட்டி, வசந்தம் வந்ததும் அவிழ்க்கிறார்கள். அவர்கள் நாடுவது வைக்கோலைத்தான் என்பதைக் கவனியுங்கள். வைக்கோல் காற்றைப் பிடித்து வைக்கும், அதேசமயம் மூச்சுவிடும், மழையை வழிந்தோட விடும்.

செய்முறை: மட்டைகளைக் கீழிருந்து மேலாக மெல்ல உயர்த்தி, சணல் கயிறால் கற்றை போலச் சேர்த்துக் கட்டுங்கள். முழங்காலிட்டுத் தனியாகச் செய்தால் கண்ணில் குத்திக்கொள்வீர்கள். இரண்டு பேர் வேண்டும். குருத்தின் மேல் காய்ந்த வைக்கோலை ஒரு கைப்பிடி வையுங்கள், அழுத்தித் திணிக்காதீர்கள். அதன்மேல் சாக்கு, பழைய போர்வை அல்லது தோட்டங்களுக்கென்றே வரும் வெள்ளைப் பனிக்காப்புத் துணி. ஒரு சுற்று மெல்லிய துணி ஓரிரு டிகிரிதான் காக்கும். கனமானது மூன்று நான்கு டிகிரி வரை. கடும் பனிக்கு இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். நீண்ட மழை வருமானால் உச்சியில் மட்டும் தொப்பி மாதிரி ஒரு தகடோ கவிழ்த்த வாளியோ வைத்துவிடுங்கள், பக்கவாட்டில் காற்று போகட்டும்.

ஒரு விஷயம் பலருக்குப் புரிவதில்லை. போர்வை தானாகச் சூடு தராது. மண்ணிலிருந்து இரவில் எழும் சூட்டைத்தான் பிடித்து வைக்கிறது. ஆகவே துணி தரைவரை இறங்கி, ஓரத்தில் கல் வைத்து அழுத்தப்பட்டிருக்க வேண்டும். தண்டை மட்டும் இறுக்கிச் சுற்றிவிட்டு மண்ணைத் திறந்துவிட்டால் அந்தச் சூடு முழுவதும் வானத்துக்குப் போகும்.

பிளாஸ்டிக் ஷீட்? அதை நான் ஒரு வருடம் செய்து பார்த்திருக்கிறேன். ஷீட் தொட்ட இடமெல்லாம் மட்டை கருகியது, மறுநாள் வெயிலில் உள்ளே வெந்தது, எடுத்துப் பார்த்தபோது குருத்தில் வெள்ளைப் பூஞ்சை. வேறு வழியே இல்லையென்றால் துணிக்கு மேலே, ஓலையில் படாமல், இரவில் மட்டும்.

இந்த வழியின் உண்மையான விலை துணியின் விலை அல்ல, கவனம். பனிக்காப்புத் துணியையும் வைக்கோலையும் சில நாட்கள் தொடர்ந்து விடலாம். கனமான போர்வையைப் பகலில் திறந்தே ஆக வேண்டும். வாரக் கணக்கில் வெளியூர் போகிறவர்கள் போர்வையைவிட வைக்கோல் பாயை நம்பலாம். நடுத்தரக் குளிர் உள்ள பெரும்பாலான தோட்டங்களுக்கு என் வோட்டு இதற்கே.

### கூண்டும் சூடும்

நான்கு கழி நட்டு, கம்பி வலை சுற்றி, உள்ளே காய்ந்த இலையை நிரப்பினால் அதுவே நல்ல காப்பு. வலைக்குப் பதில் பலகைப் பெட்டி செய்து உள்ளே குண்டு பல்பு தொங்கவிட்டால் இன்னும் கீழே போகும் குளிரையும் தாங்கும். எல்இடி விளக்குகளை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உண்டு. அவற்றில் சொல்லிக்கொள்ளும்படி சூடு வராது. பழைய வகைக் குண்டு பல்போ, செடிகளுக்கான சூடேற்றும் கேபிளோதான் வேலைக்கு ஆகும்.

பல்பு வைக்கிற கூண்டில் வைக்கோலோ சருகோ இருக்கவே கூடாது. சருகு கூண்டு, பல்பு கூண்டு, இரண்டில் ஒன்று. வெளிப்புறத்துக்கென்று செய்த வயர், நீர் புகாத இணைப்பு எல்லாம் வேண்டும். கடும் பனிப்புயலில் முதலில் போவது மின்சாரம்தான் என்பதையும் மறக்க வேண்டாம். விளக்கை மட்டும் நம்பி மெல்லிய பெட்டி செய்தால் அன்றைக்கு ராத்திரி அது வெறும் பெட்டி.

பெயர்க்க முடியாத அளவு பெரிய, வயதான செடி, ஆண்டுக்குச் சில இரவுகள் மைனஸ் 10-ஐத் தொடும் ஊர் என்றால் இந்தச் செலவு நியாயமானது. இரண்டடிச் செடிக்கு இவ்வளவு மெனக்கெடுவது எனக்கு அதிகப்படியாகவே தோன்றுகிறது.

### தொட்டிக்கு மாற்றி உள்ளே வைப்பது

பாதுகாப்பில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. 5 முதல் 10 டிகிரி இருக்கும் கார் ஷெட்டோ, சூடில்லாத அறையோ போதும். அங்கே செடி அரைத்தூக்கத்தில் இருக்கும்; மாதம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர், உரம் வேண்டாம்.

சிக்கல்கள் மூன்று. இலையுதிர் காலக் கடைசியில், பனி வருகிறதே என்ற அவசரத்தில் தோண்டினால் வெட்டுப்பட்ட வேர்கள் குளிரில் ஆறுவதற்கு நாளாகும். பெயர்க்கச் சரியான நேரம் பனி முடிந்து புதுக்கொத்து கிளம்பும் முன். அடுத்தது வெளிச்சம்: கதகதப்பான, இருட்டான அறையில் வைத்தால் செடி ஏமாந்து கொத்து விடும், அந்த மட்டைகள் நெடுநெடுவென்று நீண்டு துவண்டுவிடும். அதனால்தான் குளிர்ந்த அறை. மூன்றாவது, வெளியே எடுக்கும் நாள். பனிக்குத் தப்பிய மட்டைகளை நேரே உச்சி வெயிலில் வைத்துக் கருக்கிவிடுகிறார்கள். முதல் வாரம் நிழல், அப்புறம் காலை வெயில், பிறகுதான் முழு வெயில்.

தொட்டியை வெளியிலேயே விட்டுவிடுவது இந்த வழியாகாது. தரையில் இருக்கும் வேரைவிடத் தொட்டி வேர் சீக்கிரம் உறையும். தரையில் பிழைக்கும் செடி அதே பனியில் தொட்டியில் செத்துப்போகலாம்.

## தேறும் காலத்தில்

மட்டையில்லாத செடி தண்ணீரை மிகக் குறைவாகத்தான் உறிஞ்சும். பரிதாபப்பட்டு ஊற்றிக்கொண்டே இருந்தால், பனி கொல்லாததை நாம் கொன்றுவிடுவோம். மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் ஊற்றுங்கள், குருத்தில் படாமல். உச்சியில் ஈரமோ பூஞ்சையோ தெரிந்தால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு ஒருமுறை தெளிக்கலாம்.

உரத்துக்கு அவசரமில்லை. குருத்து வீங்கி அசைவு தெரிந்த பிறகு, மெதுவாகக் கரையும் உரம், அதில் மக்னீசியமும் மாங்கனீசும் இருக்கட்டும். இந்தச் செடிக்கு ஜப்பானில் சோதெத்சு என்று பெயர். இரும்பால் உயிர்த்தெழுவது என்ற பொருளில் எழுதுகிறார்கள். வாடிய செடியில் இரும்பு ஆணி அடித்தால் பிழைக்கும் என்ற பழைய நம்பிக்கையிலிருந்து வந்தது. ஆணி அடிக்காதீர்கள். நடைமுறையில் இதற்கு அதிகம் குறைவது மாங்கனீசுதான். புதுக்கொத்து மஞ்சளாக, பொரிந்து சுருண்டு வந்தால் அதைப் பழைய பனியின் வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் மாங்கனீசு பற்றாக்குறை, மாங்கனீஸ் சல்பேட் வைத்தால் அடுத்த கொத்து சரியாக வரும். கருகியது போன்ற மட்டையில் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெள்ளைப் படலம் இருந்தால் அது செதில் பூச்சி. அப்படியானால் போர்த்தும் முன்பே அதை ஒழித்தாக வேண்டும், இல்லாவிட்டால் போர்வைக்குள் அதற்கும் கதகதப்பு.

பொறுமைதான் கடினம். நன்றாகச் சூடேறிய பிறகே கொத்து வரும். கோடை முடியும் தறுவாயில் வருவதும் உண்டு. ஒரு முழு வெயில் காலம் போகும்வரை, தண்டு கெட்டியாக இருக்கிறவரை, தோண்டி எறியாதீர்கள்.

## நானாக இருந்தால்

கன்று அளவுச் செடி, குளிர் எதுவானாலும்: தொட்டி. யோசிக்கவே மாட்டேன்.

தரையில் வேரூன்றிய நடுத்தரச் செடி, ஆண்டுக்குச் சில பனி இரவுகள்: மூடாக்கோடு சேர்த்துப் போர்வை. மட்டை கொஞ்சம் கருகினாலும் பரவாயில்லை, குருத்து உலர்ந்திருக்க வேண்டும்.

தலைமுறைச் செடி, கடும் குளிர்: கூண்டு. மின்சாரத்தை நம்பாத அளவுக்குச் சருகு நிரப்பிய கூண்டாக.

ஒவ்வொரு குளிர்காலமும் மட்டை முழுக்கக் கருகுகிறது, ஒவ்வொரு கோடையிலும் துளிர்க்கிறது என்றால், அது வெற்றி போலத் தோன்றும். சேமிப்பை எடுத்துச் சாப்பிடுவது மாதிரி அது. கொத்து ஆண்டுக்காண்டு சிறுத்துக்கொண்டே போகும். அப்படிச் சிறுப்பதைப் பார்த்த அன்றே போர்வைக்கு மாறிவிடுவேன்.

உச்சி மட்டும் குழைந்து, கீழே தண்டு கெட்டியாக இருக்கும் செடியும் ஒன்று உண்டு. அதைத் தூக்கி எறியும் முன், சுத்தமான கத்தியால் மேலிருந்து துண்டு துண்டாகச் சீவி, அழுகல் இல்லாத வெளிர்நிறப் பகுதி வரும்வரை இறங்குங்கள். வெட்டிய இடத்தில் கந்தகத் தூள் தடவி, மழை படாமல் உலரவிடுங்கள். பல மாதம் கழித்துப் பக்கங்களிலோ அடியிலோ கன்றுகள் முளைக்கலாம். பழைய ஒற்றைத்தலை வடிவம் வேண்டுமானால் அவற்றில் வலுவான ஒன்றை விட்டுவிட்டு, மற்றவை கைமுட்டி அளவு வந்ததும் எடுத்து, வெட்டுவாய் ஒரு வாரம் நிழலில் காய்ந்த பிறகு மணல் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். முதல் குளிர்காலத்தில் அந்தத் தொட்டிகள் வீட்டுக்குள்தான்.